மாமனார் கொடுத்த சாவி

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மாப்பிள்ளை இரண்டாவது இழுப்பு இழுத்தபோதே, காரின் முன்பக்க கிரில்லிலிருந்த வெள்ளிப் பளபளப்பு உரிந்து, உள்ளேயிருந்து கன்னங்கரேலென்று பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது.

பழைய கார் என்றால் தொட்டதெல்லாம் இரும்பு என்று நம்புகிற அப்பாவி அவன். அதுவும் யாருடைய கார்? மாமியாரின் அப்பா ஆசையாக வைத்திருந்து மகளுக்குக் கொடுத்த கார். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவார். கல்யாணமானதிலிருந்து அவனை அதன் பக்கத்தில்கூட அண்டவிடாத மாமனார், இன்று காலைதான் சாவியைக் கையில் திணித்து, "நல்லா தேய்ச்சுத் துடைச்சு வைங்க மாப்ள, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது அதே கால்கள் பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தேடி ஓடின.

உரிந்த இடத்தின் பிசிறைச் சரிசெய்யத் தின்னரைத் தொட்டுத் துடைத்தான். பிளாஸ்டிக் இளகி, துணியின் நூலையெல்லாம் பிடித்துக்கொண்டு மீசை வளர்த்தது. மீசையை மழிக்கப் பிளேடை எடுத்தான். கிரில்லில் ஒரு கம்பி டக்கென்று ஒடிந்தது. பசை போட்டு ஒட்டினான். கம்பியோடு அவன் விரலும் ஒட்டிக்கொண்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, காரைத் துடைக்கச் சொன்னா கை குலுக்கிட்டு இருக்கீங்க?"

சமையலறையிலிருந்து அலுமினியத் தாளைக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினான். கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு உதவி செய்யவில்லை. அவன் விரலை ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொரு கம்பிக்கும் தாளைச் சுற்றினான். கார் பல்செட் கட்டிய கிழவரைப் போல இளித்தது.

சாயங்காலம் மாமனார் வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் லேசாகத் தொட்டார். கிரில் மொத்தமும் கழன்று அவர் காலடியில் விழுந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. மாமனார் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். கை தவறுவது மனுஷனுக்குச் சகஜம் என்றார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. இப்படியொரு தங்கமான மனிதருக்கா துரோகம் செய்தோம் என்று மாப்பிள்ளை நொந்துகொண்டான்.

"எல்லாம் என் தப்புதான் மாமா. அத்தைகிட்ட நானே சொல்லிடறேன்."

"இதையே இன்னொரு தரம் சொல்லுங்க மாப்ள," என்று மாமனார் அவனைச் சமையலறைப் பக்கம் திருப்பி நிறுத்தினார். "கொஞ்சம் சத்தமா."

கையைத் துடைத்தபடி மாமியார் வெளியே வந்தார்.

"நீங்க ஏன் மாப்ள தொண்டையைக் கெடுத்துக்கறீங்க, போன வாரம் இவரே தேய்ச்சுக் கெடுத்துட்டு மேல சில்வர் பெயின்ட் அடிச்சதை நான் ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன்."