மகேசன் வீட்டுப் பிஸ்டல்

பழம்பொருள் சேர்ப்பவர்களில் பல வகை உண்டு. முத்திரை சேர்ப்பவரை மன்னித்துவிடலாம். அவர் தன் பாட்டில் இருப்பார். நான் சொல்ல வந்தது, நேற்று ஒரு பழைய பொருளை வாங்கி, இன்று காலை அதன் சரித்திர ஆசிரியராக எழும்புகிற இனத்தைப் பற்றி. நீங்கள் அவரைச் சந்தித்திருப்பீர்கள். அவர் வீட்டுத் தேநீர் ஆறிப்போனதும் ஞாபகம் இருக்கும்.

ஒக்லண்டில் எங்கள் பாட்டனி டவுன்ஸ் பக்கத்து மகேசனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லர்ஸ்லியில் காப்புறுதி வேலை, ஓய்வுபெற அதிக காலம் இல்லை. ஊரில் கலவரம் தொடங்குமுன்பே லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கிருந்து நேரே இந்த நியூசிலாந்துக்கு வந்தவர். துவக்கை அவர் கண்டதெல்லாம் சினிமாவில்தான். அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஏலத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படையின் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கிவிட்டார். சுடமுடியாதது. இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று சட்டமே விட்டுவைத்த கிழடு.

முதல் நாள், குண்டு எந்தப் பக்கத்தால் வெளியே வரும் என்பது மட்டுமே மகேசனுக்குத் தெரியும். பிறகு யூடியூபில் தாடிக்கார வெள்ளையர்களிடம் பாடம் கேட்டார், வெள்ளைக் கையுறை வாங்கினார், மெழுகு பூசித் துடைத்தார், சான்ட்ரிங்ஹாம் மளிகைக்கடையில் ஒரு முருங்கைக்காயை உயர்த்திப் பிடித்து, முன்னால் நின்ற அப்பாவிக்குக் குழலின் நீளத்தை விளக்கினார். மனைவி ரதிதேவி "துவக்கு" என்று சொன்னால், இவர் "பிஸ்டல்" என்று திருத்தினார். அந்தப் பிஸ்டலுக்கு மரியாதை வேறு. "இவர் பெரிய சண்டையெல்லாம் கண்டவர்" என்பார். யார் சொன்னது? கைப்பிடியில் ஒரு கீறல் இருந்தது. முதலில் வந்த விருந்தாளிக்கு அது சேணம் உரசிய கீறல். அடுத்தவருக்கு எதிரியின் வாள் பட்டது. தீபாவளிக்கு வந்தவர்களுக்கோ, அந்தக் கீறலால் ஒரு கப்டனின் உயிரே தப்பியிருந்தது.

அதற்குப் பிறகுதான் பற்றிக் என்பவனும் மனைவி ஸ்ரெல்லாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மன்னார்க்காரர். ஸ்ரெல்லா கடைத்தொகுதியில் உடுப்புக்கடையில் வேலைசெய்கிறாள், ரதிதேவியின் சிநேகிதி. இன்றைக்கு அதை வெளியே எடுக்க வேண்டாம், அவர்கள் கடைசிச் சண்டைக்குள்ளால் நடந்து வந்த சனம் என்று ரதிதேவி காலையிலேயே சொல்லியிருந்தாள். மகேசன் தலையாட்டினார். இந்த இனத்துக்குத் தலையாட்டவும் தெரியும், கேட்கத்தான் தெரியாது.

பாயசம் வந்தது. அலமாரிக்குள் இருப்பது என்ன என்று பற்றிக் மரியாதைக்குக் கேட்டுவிட்டான். போதாதா? கையுறை ஏறியது, சேணம் வந்தது, வாள் வந்தது, கப்டன் வந்தார். குதிரைமேல் இருப்பவன் எப்படிக் குறிபார்ப்பான் என்று காட்ட, மகேசன் காலை அகட்டி நின்று கையை நீட்டி, ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார். குழலின் நுனி சோபாவில் இருந்த ஸ்ரெல்லாவுக்கு நேரே நின்றது.

ஸ்ரெல்லாவின் இரண்டு கைகளும் மேலே போயின. அவசரமில்லாமல், உள்ளங்கை வெளியே தெரிய, காது மட்டத்துக்கு. முகத்தில் ஒன்றுமே இல்லை. மடியில் இருந்த பாயசக் கிண்ணம் உருண்டு கம்பளத்தில் கொட்டியது.

"இது சுடாது" என்றார் மகேசன்.

"அது அவளின்ரை கைக்குத் தெரியாது" என்றாள் ரதிதேவி.

பற்றிக் பக்கத்தில் போயிருந்து, மனைவியின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான். கம்பளம் பழுதாகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டவள் ஸ்ரெல்லா. மகேசன் முழந்தாளிட்டு, அந்த வெள்ளைக் கையுறையாலேயே பாயசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் தனியே அவர்கள் வீட்டுக்குப் போனார்.

"நான் யோசிக்கேல்லை, தங்கச்சி. பிழை என்ரை தான்" என்றார்.

ஸ்ரெல்லா தேத்தண்ணி கொடுத்தாள். சிறிது நேரம் கழித்து, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாதையில் இரண்டு பிள்ளைகளோடு கையைத் தூக்கியபடி நடந்த கதையை, பஸ்ஸில் போய்வந்த கதைபோல அவளாகவே சொன்னாள். அங்கே எதிரே நின்ற ஆமிக்காரர் வைத்திருந்தது என்ன ரகத் துவக்கு என்ற கேள்வி மகேசனின் நாக்கு நுனிவரை வந்தது. அவர் கேட்கவில்லை. இந்த இனத்தின் சரித்திரத்தில் இது சாதாரண சாதனை அல்ல.

பிஸ்டல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால் "பழசு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அத்தனை பொய்க்குப் பிறகு, அந்தப் பிஸ்டலைப்பற்றித் தன் வீட்டிலேயே கண்ணால் கண்ட உண்மைக் கதை ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வருகுதில்லை.

நல்லாய்ச் சிரித்தீர்களா? சரி. ஆனால் ஒன்று. குதிரைப்படைக்காரன் அப்படிக் கையை நீட்டிக் குறிபார்ப்பதில்லையே, எழுதியவருக்கு இதுகூடத் தெரியாதா என்று வாசிக்கும்போது நடுவில் எங்காவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் என்னைத் திருத்தி எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக்காரியிடம் ஒருமுறை கேளுங்கள். நீங்கள் எந்த இனம் என்று அவவுக்கு எப்போதோ தெரியும்.