ஹாரன் அண்ணனும் பெட்டிமேல் மானேஜரும்

மலேசியாவில், குருணிலிருந்து சுங்கைப் பட்டாணி வரைக்கும் ஹாரன் அண்ணனைவிட மெதுவாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் வந்து சேர நாளாகும்.

குருண் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக் கிடங்கில் நான் கிளார்க்காக இருந்தேன். அண்ணன் அங்கேதான் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முனையிலும் நின்று மூன்று முறை ஹாரன் அடிப்பார். ஆள் இல்லாவிட்டாலும் அடிப்பார். ஒருநாள் வழியில் தூங்கிய பூனைக்கு அடித்தார். அது அசையவில்லை. அண்ணன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, இறங்கிப்போய், "கொஞ்சம் தள்ளிப் படுலா" என்று கேட்டுக்கொண்டார்.

பாரம் கண்ணை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது விதி. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். தங்கை மகள் கல்யாணத்தில், உயரமாக அடுக்கிய சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் முதுகைக் காட்டியபடியே நடந்து வந்தார். வாயால் "பீப் பீப்" வேறு.

புதிதாக வந்த மானேஜருக்கு இதெல்லாம் எரிச்சல். மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று கூரையோரம் பதாகை கட்ட முடிவு செய்தார். ஏணி எட்டவில்லை. ஃபோர்க்லிஃப்டின் முன்கரங்கள்மேல், பெட்டி அடுக்கும் மரப் பேலட் ஒன்றை வைத்து, தானே ஏறி நின்றார்.

"தூக்குங்க அண்ணே."

"இது சாமான் தூக்குற வண்டி பாஸ். ஆள ஏத்தக்கூடாது."

"அஞ்சு நிமிஷ வேலைலா!"

"விழறதுக்கு ஒரு செகண்ட் போதும்."

"தூக்குறீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?"

அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப் போய்விட்டார்.

மானேஜரிடம் இன்னொரு சாவி இருந்தது. சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் கொடுத்துத் தூக்கச் சொன்னார். உச்சியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பேலட் சரிந்து கீழே விழுந்து நொறுங்கியது. மானேஜர் எப்படியோ தாவி, மேல்தட்டுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டார். கையுறைப் பெட்டி மெத்தையாயிற்றே! கொஞ்சம் கொஞ்சமாக அமுங்க ஆரம்பித்தது. லாரி டிரைவர் ஓடியே போய்விட்டார்.

அதிகாரி கிடைக்காமல் அண்ணன் திரும்பி வந்தார். மேலே பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி நடந்தார்.

"டயர், ஓகே. செயின், ஓகே."

"அண்ணே! நான் உள்ள போறேன்!"

"கத்தாதீங்க பாஸ், பெட்டி ஆடும். பிரேக், ஓகே."

ஆளைத் தூக்குவதற்கென்றே இருந்த இரும்புக் கூண்டை எடுத்து மாட்டினார். கூண்டைப் பூட்டும் இரும்புப் பின்னை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே நிற்க ஓர் ஆள் வேண்டும்.

"தங்கச்சி, நீ வா. சொன்னத கேக்குற ஆளு நீ ஒருத்திதான்."

என் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிட்டு, வழக்கம்போல மூன்று ஹாரன் அடித்தார். கூண்டு ஏறுவதே தெரியவில்லை. கூரைதான் மெல்ல இறங்கி வந்ததுபோல் இருந்தது. நான் மானேஜரின் சட்டையையும் கையையும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். தரைக்கு வந்ததும் அவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பிறகு கேண்டீனில் நானும் அண்ணனும் தே தாரேக் டீ வாங்கினோம்.

"ஒன்னு சொல்லவா தங்கச்சி? நீ மேல போய்ட்டு வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

அப்போதுதான் பார்த்தேன். அவர் கையில் குவளை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கடைசி மிடறு வரைக்கும் விடவில்லை.