அப்பன் இல்லாத ஆல்பம்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள், என் மகள் அகல்யாவுக்கு அப்பனே கிடையாது என்றுதான் நினைப்பார்கள். உயிரோடுதான் இருக்கிறேன். போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன், அவ்வளவுதான். பெயர் வைத்த அன்று எடுத்த படத்தில் நான் இல்லை. பிறந்த நாள் படத்திலும் இல்லை. நாளைக்குப் பிள்ளை வளர்ந்து "அப்பா எங்க?" என்று கேட்டால் எதைக் காட்டுவேன்?

அதனால்தான் சபதம் போட்டேன். பிள்ளையின் காதுகுத்துக்குள் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா! அதுவும் என் மனைவி உஷாராணி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் படம் விழுகிற கேமரா. அவள் எடுப்பாள், நான் நிற்பேன்.

குமாரபாளையத்தில் தறியை நிறுத்திவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சேலத்துக் கடைக்குப் போனேன்.

"பெருசு பெருசா லென்சு வேண்டாமுங்க. புதுசாப் பழகறவங்களுக்குத் தோதா ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் கைக்கு அடக்கமாக ஒன்றை நீட்டினார். "இதுதானுங்க சரி. ஆட்டோவுல வெச்சு அமுக்குனாப் போதும். மிச்சத்த அதே பாத்துக்கும்."

உஷாராணி என்னைப் பார்த்து அமுக்கினாள். கழுத்துக்குக் கீழே அருமையாக வந்திருந்தது.

"தல எங்க உஷா?"

"கனமா இருக்குதுங்க. கை எறங்கிருச்சு."

போகப் போகப் பழகிவிடும் என்று வாங்கிவிட்டேன். வீட்டு வாசலில் நின்றேன். கதவு தெளிவாக வந்தது, நான் புகையாக வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றேன். மரம் முழுசாக வந்தது, என் காது ஒன்று வந்தது.

"எனக்கு இது வராதுங்க. நீங்களே கத்துக்கோங்க. உங்க மூளைக்கு இதெல்லாம் எம்மாத்தரம்?"

மூளை! எனக்கு அது இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. உச்சி குளிர்ந்து போய்க் கற்றுக்கொண்டேன்.

ராசிபுரம் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. உஷாராணியின் தம்பி, என் மச்சான் சிவபிரகாஷ் பட்டு வேட்டியில் வந்து சம்மணம் போட்டான். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெற்றவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்பனுக்கு இன்ன இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதை முன்னமே யோசிக்காமல் போனேனே, மடையன்!

"உஷா, ஒரே ஒரு படம். நான் நிக்கறேன், நீ புடி."

"நல்லாருக்குதே! பெத்தவ சபைய உட்டுட்டு வந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? தள்ளி நின்னு எடுங்க சாமி."

எடுத்தேன். ஊசி இறங்கியதும் அகல்யா வீரிட்டாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. எதிரில் ஒன்றுமே தெரியாமல்தான் அமுக்கினேன்.

பந்தி முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து படங்களைத் தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள, வாங்கிய புதிதில் எடுத்த படங்கள் வந்தன. மாமியார், பல் ஒவ்வொன்றும் பளிச்சென்று. வண்டிமேல் மச்சான். பக்கத்து வீட்டு ஆடு, தாடி மயிர்கூடத் தனித்தனியாக. ஒன்றுகூட நான் எடுத்ததில்லை.

"உஷா! உனக்கு வராதுன்னியே?"

"வருதுன்னு சொன்னா நீங்க போயி சபையில நின்னுக்குவீங்க. அப்பறம் என்னைய ஆரு எடுக்கறது?" என்றாள், கொஞ்சம்கூடக் கூசாமல்.

"எம் புள்ளையோட எனக்கு ஒரு படங்கூட இல்லையே உஷா..."

"அட, வருத்தப்படாதீங்க. இன்னைக்கு உங்க பேச்சுத்தான். தம்பிக்குப் பாத்திருக்கற பொண்ணு ஊட்டுக்காரங்க வந்திருந்தாங்கல்ல? இந்த போட்டோக்காரரு எந்த ஊருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"குமாரபாளையமுங்க, உங்க கல்யாணத்துக்கும் வருவாருங்கன்னு சொல்லீட்டேன்."