ஒன்றரைச் சுற்றுப் பாம்பு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தங்கா பத்து என்கிற ஊரில் காடி நிறுத்த இடம் கிடைக்காது. மலிவு விற்பனை ஒன்றும் இல்லை. இடைத்தேர்தலும் இல்லை. முனைவீட்டு வாசலில் பந்தல் போட்டு, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி பரப்பி, நாகலிங்க ஐயா பாம்பு பிடிக்கிறார். அவ்வளவுதான்.

காட்டுப் பாம்பு இல்லை. அதைப் பிடிக்கத் தீயணைப்புப் படை வரும், இலவசமாக. ஐயா பிடிப்பது மனித உடம்பில் ஓடுகிற பாம்பு. விலாவிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாக நெருப்புப் பட்டதுபோல் எரிந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பினால் நாம் அதை அக்கி என்போம். மலாய்க்காரர்கள் காயாப் ஊலார் என்பார்கள். ஊலார் என்றால் பாம்பு. சீனர்களும் பாம்பு என்றுதான் சொல்வார்கள். அது இடுப்பைச் சுற்றி வளர்ந்து, தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் காலி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஐயா என்ன செய்தார்? அக்கிக்குத் தமிழன் பூசுகிற காவியை எடுத்துச் சீனனின் பாம்பு மேல் எழுதி, மலாய்ப் பெயரைப் பலகையில் போட்டார். நாட்டில் எந்தக் கட்சியாலும் முடியாத இன ஒற்றுமையை ஒரு ஜாண் இடுப்பில் சாதித்துவிட்டார். அதற்கு முன்பு அவர் தண்ணீர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தார்.

பந்தலின் முகப்பில் பெரிய பலகை. 'தலையும் வாலும் சேர்ந்தால் மரணம். ஐயாவிடம் வந்த ஒருவருக்கும் இதுவரை சேர்ந்ததில்லை.' அந்த இரண்டாவது வரியில் ஒரு பொய்கூட இல்லை. கெட்டிக்காரத்தனம் முழுவதும் அதில்தான் இருந்தது.

வைத்தியம் எளிது. வந்தவர் சட்டையைத் தூக்க வேண்டும். ஐயா தொடமாட்டார். தொட்டால் பாம்பு அவர் மேல் தாவிவிடுமாம். முழ நீளத் தூரிகையில் காவியைத் தோய்த்துத் தொப்புளுக்கு நேராக ஒரு கோடு போட்டு, "நில்!" என்பார். பாம்பு நின்றுவிடும். இருபத்தொரு நாளில் காய்ந்தும்விடும். அதுவரை கோழி கூடாது, இறால் கூடாது, முக்கியமாக ஆஸ்பத்திரி கூடாது. ஊசி போட்டால் பாம்பு சீறும். காணிக்கையைத் தட்டில் வைக்கலாம். சில்லறை இல்லாத பக்தர்களின் வசதிக்காக விபூதித் தட்டில் கியூஆர் அட்டை சாய்த்து வைத்திருந்தார்.

இந்த ஐயாவுக்குச் சம்பளம் வாங்காத விளம்பர அதிகாரி ஒருவர் உண்டு. பெயர் சுகுமாரன். வயது ஐம்பத்திரண்டு. நான்கு மாதத்துக்கு முன் அவருடைய வலது விலாவில் பாம்பு ஓடியது. ஐயா கோடு போட்டார், நின்றது, காய்ந்தது. அன்று முதல் தொழிற்சாலை கேன்டீனில் யார் தும்மினாலும் சுகுமாரன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நாசி லெமாக் தின்னப் பலர் பயந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சுகுமாரன் பத்து பெரண்டாம் ஊரின் தொழிற்சாலையில் தரம் சோதிக்கிற ஆள். நகத்தை விடச் சின்ன மின்னணுச் சில்லுகளை ஒரு மெஷின் பார்த்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்கும். அந்த மெஷினையே சோதிப்பது சுகுமாரனின் வேலை. தினமும் காலையில், கெட்டது என்று நன்றாகத் தெரிந்த ஒரு சில்லை வேண்டுமென்றே உள்ளே விடுவார். அதற்குப் பொய் பீஸ் என்று பெயர். மெஷின் அதைப் பிடித்தால் வேலை நடக்கும். விட்டுவிட்டால் லைன் மொத்தமும் நிற்கும். "மெஷின நம்பக் கூடாது, சோதிக்கணும்" என்று புது ஆட்களுக்கு அவர் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார். பிறகு மூளையை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

அப்படி அவர் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி திலகவதி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே இடது பக்கம் மண்டையைக் குடைந்தது. இப்போது நெற்றியில் கொப்புளம் கிளம்பிப் புருவம் வரை இறங்கியிருந்தது. இடது கண் சிவந்து நீர் வடிந்தது. திலகவதி கல்யாண ரவிக்கை தைப்பவள். மணி கோத்து, ஜரிகை வைத்து, மயிரிழை பிசகாமல் தைக்கிற கண் அது.

செய்தி கேட்டு தஞ்சோங் கிளிங்கிலிருந்து தங்கை ராகினி வந்துவிட்டாள். அவள் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். கையில் எப்போதும் பெட்டி.

"அக்கா, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குக் காலையில ஐயாகிட்ட போறோம் லா," என்றார் சுகுமாரன். "அவரு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது."

"கோட்ட எங்க போடுவாரு மாமா? கண்ணு முழியிலயா? வர்ற வழியில ஃபார்மசியில கேட்டேன். மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணுமாம். கண்ணுகிட்ட வந்தா அதுக்கும் நேரமில்ல, உடனே ஓடணுமாம்."

"ஃபார்மசிக்காரன் மருந்து விக்கறவன். அப்படித்தான் சொல்லுவான். ஊசி போட்டா பாம்பு சீறும்."

"எனக்கும் பயமா இருக்கு ராகினி," என்றாள் திலகவதி. "உங்க மாமாவுக்கு நின்னுச்சே. நான்தான் கண்ணால பாத்தேனே."

ராகினி அக்காவின் அந்தக் கண்ணைப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுது பயனில்லை என்று தெரிந்ததால் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒன்னு கேக்கறேன். உங்க ஐயாவுக்குள்ள என்னிக்காவது பொய் பீஸ் விட்டுப் பாத்தீங்களா?"

சுகுமாரனின் இருபத்தாறு வருட உத்தியோகத்தைப் பிடித்துக் குத்திவிட்டாள்.

"விட்டுப் பாரேன்! காடிய விட்டு எறங்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவாரு!"

"சரி. நாளைக்குக் காலையில உங்க இடுப்புல நான் பாம்பு வரையறேன். அது பொய்னு அவரு சொல்லிட்டா, நானே அக்காவ உக்கார வச்சுக் கோடு போடச் சொல்றேன். சொல்லலன்னா, நீங்களே காடி ஓட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"ஓகே லா!"

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்க," என்றாள் திலகவதி. "எனக்கு எரியுது."

விடிந்ததும் சுகுமாரன் சட்டையைக் கழற்றிக்கொண்டு கூடத்தில் நின்றார். ராகினியின் கையில், வியர்த்தாலும் அழியாத கல்யாணச் சாயம். கொப்புளத்துக்குப் பொய் இமை ஒட்டுகிற பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காய விட்டாள். தொப்புளில் தலையை வைத்து, வலது பக்கமாக முதுகைச் சுற்றி, இடது பக்கமாக மறுபடி தொப்புளுக்கே வந்து, அதற்கும் மேல் அரைச் சுற்று போனாள்.

"மூச்ச உள்ள இழுங்க மாமா. தொப்பையில பாம்புக்கு மலை ஏற வேண்டியிருக்கு."

"எதுக்கு இவ்ளோ பெருசு? இந்த மாதிரி அக்கி உலகத்துலயே கெடையாது."

"மெஷினுக்குள்ள நீங்க எந்த மாதிரி பீஸ் விடுவீங்க? ரொம்ப மோசமானதுதான? இதக்கூடப் பிடிக்கலன்னா வேற எதப் பிடிக்கப் போவுது?"

அது சுகுமாரனுடைய வகுப்பின் மூன்றாவது பாடம்.

திலகவதியை ஏர்கான் போட்டுக் காடியிலேயே உட்கார வைத்தார்கள். நம்பர் சீட்டு பதினேழு. முறை வந்ததும் சுகுமாரன் போய் நின்று, சட்டையின் முன்பக்கத்தில் வலது பாதியை மட்டும் தூக்கினார். 'ஐயா, சொல்லிடுங்க. இது சாயம்னு சொல்லிடுங்க' என்று மனதுக்குள் உண்மையாகவே வேண்டினார். பாவம், அவ்வளவு நம்பிக்கை.

ஐயா கண்ணை மூடினார். மூக்கை உறிஞ்சினார். முகம் கறுத்தது.

"சுகுமாரா! போன தடவ வந்தது ஆண். இது அதோட ஜோடி. பழி வாங்க வந்திருக்கு."

பந்தலில் 'ஐயோ' என்று ஒரு முனகல். ஜோடிப் பாம்பு! இதுவரை யாருக்கும் வராதது.

"தல தொப்புளுக்கு வந்துருச்சு. வாலு முதுகச் சுத்தி மறுபக்கமா வந்துருச்சு. நடுவுல நாலு வெரல்தான் பாக்கி. இன்னிக்கு வந்ததால பொழச்ச." தூரிகை பாய்ந்தது. "நில்!"

பாம்பு நின்றது. வரைந்த பாம்பு, வேறெங்கே போகும்?

சுகுமாரனுக்கு நான்கு மாதமாகக் கேன்டீனில் தூக்கிய சட்டையெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கம் காதைச் சுட்டது.

"ஐயா... பின்னாலயும் கொஞ்சம் பாருங்களேன்," என்று சட்டையை முழுவதும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

முன் வரிசை எழுந்து பின்வாங்கியது. நாற்காலி இரண்டு சாய்ந்தன. "அலாமாக்! தலயும் வாலும் சேந்துருச்சு! சேந்ததோட இல்லாம மேல போயிருக்கு!" என்று ஒரு அம்மாள் கத்தினாள்.

சுகுமாரன் பலகையைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஐயா, அப்போ நான் செத்துட்டேனா?"

தங்கா பத்து வரலாற்றில் முதல் தடவையாக ஐயா தன் பலகையைத் தானே திரும்பிப் படித்தார். "அது... என் கோடுதான் உன்னத் தாங்கிக்கிட்டு இருக்கு..." என்று இழுத்தார்.

"அப்படியா?" ராகினி எண்ணெய் டிஷ்ஷூவோடு முன்னே வந்தாள். ஒரே இழுப்பில் அரைச் சுற்றுப் பாம்பு போனது. கூடவே ஐயாவின் கோடும் போனது. மாமா போகவில்லை. ஒரு கொப்புளத்தை நகத்தால் உரித்துக் கியூஆர் அட்டை மேல் வைத்தாள். "தொட்டுப் பாருங்க ஐயா, தாவாது. பொய் இமை ஒட்டற பசை."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கை கூப்பிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா! ஐயா கோடு போட்டதும் பாம்பு சாயமா மாறிடுச்சு!"

நம் ஜனங்களைக் குறைத்து எடை போடக் கூடாது. நாலைந்து பேர் கும்பிட்டுவிட்டார்கள். ஐயாவுக்கும் உயிர் வந்தது. "ஆமா! ஆமா!"

சுகுமாரனுக்கு அப்போதுதான் லாக்கர் திறந்தது.

"நல்லதா போச்சு ஐயா. என் சம்சாரம் காடியில இருக்கா. நெத்தியில நெசப் பாம்பு, கண்ணுகிட்ட வந்துருச்சு. அதையும் சாயமா மாத்துங்க. டிஷ்ஷூ நான் கொண்டாறேன்."

"அது... அதுக்கு இருபத்தொரு நாள் ஆகும்."

"பொய்ப் பாம்புக்கு ஒரு நிமிஷம், நெசப் பாம்புக்கு மட்டும் இருபத்தொரு நாளா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அந்தச் சத்தத்தில், பதினெட்டாம் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்த ஜானகி அக்கா தயங்கித் தயங்கி எழுந்தாள். சேலையைக் கொஞ்சம் விலக்கி இடுப்பைக் காட்டினாள். பத்து நாள் அக்கி. முதுகெலும்பில் தொடங்கித் தொப்புளுக்கு நேரே, யாரோ அடிக்குச்சி வைத்து நிறுத்தியதுபோல் நின்றிருந்தது.

"ஐயா, எனக்கு இன்னும் கோடே போடல. இது யாரு சொல்லி நின்னுச்சு?"

ஐயா பூஜை அறைக்குப் போனார். பின்பக்கக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சுகுமாரன் அதைப் பார்க்க நிற்கவில்லை. சட்டையைப் போடாமலே காடியை எடுத்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ரெஜினால்ட், திலகவதியின் மூக்கு நுனியில் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு கொப்புளத்தைப் பார்த்ததும் சிரித்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். "இங்க வந்தா கண்ணுக்குள்ள போவுதுன்னு அர்த்தம். இன்னிக்கே வந்தது நல்லதா போச்சு. மூணு வாரம் கழிச்சு வந்திருந்தா..." சுகுமாரன் மருந்து ஆரம்பித்த பிறகுதான் கேட்டார்.

"டாக்டர், அப்போ எனக்கு எப்படி நின்னுச்சு?"

"சின்ன வயசுல அம்மை போட்டிருக்குமே?"

"போட்டுச்சு. மூணு தண்ணி ஊத்தினாங்க, போயிடுச்சு."

"போவல. அந்த வைரஸ் முதுகெலும்பு ஓரமா நரம்பு வேர்ல போய்ப் படுத்துக்கிச்சு. உங்க உடம்புல இருக்கற காவல் கொஞ்சம் அசந்தா எந்திரிக்கும். எந்த நரம்புல படுத்திருந்துச்சோ அது வழியாத்தான் தோலுக்கு வரும். ஒரு பக்கத்து நரம்பு பொதுவா உடம்பு நடுவோட முடிஞ்சுடும். அதான் அங்க நிக்குது. சேந்தாலும் அதனால யாரும் சாக மாட்டாங்க."

"இருபத்தொரு நாள்ல காய்ஞ்சுதே?"

"உங்க ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. அதுங்க மூணு வாரம் ஓவர்டைம் பாத்துச்சு. சம்பளத்த உங்க ஐயா வாங்கிக்கிட்டாரு." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அது சரி, உங்க இடுப்புல என்னா அது?"

திலகவதியின் கண் தப்பியது. ஒரு மாதம் கழித்து ஊசிக் காதில் நூலைக் கோத்துவிட்டு, அவள் முதலில் செய்தது தங்கைக்கு ஒரு ரவிக்கை தைத்ததுதான். சுகுமாரனின் மூளை ஒரே நாளில் சுத்தமாகிவிட்டது. இடுப்பு சுத்தமாகத்தான் எட்டு நாள் ஆனது. மேல்பூச்சு எண்ணெயில் போனாலும் கறை போகாது, கல்யாணச் சாயம் அப்படி.

நாகலிங்க ஐயாவும் பலகையும் தங்கா பத்துவிலிருந்து காணாமல் போனார்கள். ஆனால் கும்பிட்ட அந்தப் பின்வரிசைக்காரர் இருக்கிறாரே, அவர் இன்னும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், பாம்பு சாயமாக மாறியதைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

அந்தச் சனிக்கிழமை கழிந்து வந்த திங்கட்கிழமை காலை சுகுமாரன் வழக்கம்போல் மெஷினுக்குள் பொய் பீஸை விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷினைத் தட்டிக் கொடுத்தார். சில்லுப் பிரிக்கிற இரும்புக்குத் தினமும் பரீட்சை வைக்கிறோம். உயிரைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்கிற மனிதனுக்கு முன்னால் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருகிறோம். அது சரி, உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது நம்பர்?