கேள்விக்குறி அண்ணனின் நினைவு அட்டை

பினாங்குத் தீவில் கேள்விக்குறி அண்ணனைப் போல் அதிக முறை செத்தவர் கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவையாவது சாவார். செத்த கையோடு, நுரைக்க ஆற்றிய தே தாரிக் குடிக்கப் போவார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், இறந்தவர்களுக்கு நினைவு அட்டை அச்சிடுவது எங்கள் பிழைப்பு. அதற்கான புரோகிராமை எழுதியவர் அண்ணன்தான். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே! "அடுத்தவன் பேரப் போட்டா பாவம்லா" என்று தன் பெயரையே அடிப்பார்.

புரோகிராமில் ஒரு கோளாறு. மற்ற எழுத்துகள் ஒழுங்காக விழும். ௐ, சிலுவை, ஸ்ரீ மூன்றும் அதன் பழைய எழுத்துப் பட்டியலில் இல்லாததால் '?' என்று வரும். ௐ-ஐயும் சிலுவையையும் பிறர் பெயரில் வரும் ஸ்ரீயையும் அண்ணன் ஒவ்வோர் அட்டையிலும் பேனாவால் வரைந்துவிடுவார். ஸ்ரீயில் தொடங்கும் தன் பெயரை மட்டும் தொடமாட்டார்.

"சரி பண்ணிடலாமே அண்ணே?"

"வேணாம் தங்கச்சி. முழுப் பேரு தெரியாமத்தான் அவன் இன்னும் என்னைத் தேடிக்கிட்டு இருக்கான்."

எவன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

ஒருநாள் காலை அண்ணன் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார். வரைய ஆளில்லாமல், சாமி இருக்க வேண்டிய இடத்தில் '?' போட்ட அட்டைகள் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டன. முதலாளி என்னைப் பிடித்துக் கத்தினார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். பெருமை பிடிபடாமல், அண்ணனின் சோதனை அட்டையையே அச்சுக்கு அனுப்பினேன்.

மேலே ௐ. கீழே அவர் முழுப் பெயர், ஒரு புள்ளி பிசகாமல். மறைந்த நாளைக் காலியாக விட்டால் புரோகிராம் அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும். போட்டிருந்தது.

அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து அட்டையை எடுத்துப் படித்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு தங்கச்சி" என்றார். முகம் வேர்த்தது. நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றியபின் மாடிக்கு ஓடினேன். யாரும் தொடாத பிரிண்டர் தானாக ஓடி இன்னோர் அட்டையைத் தள்ளியது. அச்சு வரிசையில் சிக்கியிருந்த நகல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிழித்தேன், மறுபடி ஒன்று வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

இதயத்தில் அடைப்பு. எப்படியோ பிழைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வந்தவர், மெலிந்த குரலில் கேட்டார்: "ஓம் வருது, சிலுவை வருது. என் பேரு?"

"அது மட்டும் மறுபடி கெட்டுப்போச்சு அண்ணே. பழையபடி கேள்விக்குறிதான்."

"அப்படியே இருக்கட்டும்லா" என்று தே தாரிக் குடிக்கப் போனார்.

நான் சொன்னது பொய். புரோகிராம் எல்லார் பெயரையும் அழகாகவே அச்சிடுகிறது. சோதிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் பெயரைத்தான் அடிக்கிறேன். அண்ணன் நன்றாக இருக்கட்டும்.