பாறைக்குழியில் எரிந்த நாலு லைட்டு

இந்த வருடம் எப்படியும் தண்ணீருக்கடியில் போய்ப் பார்த்துவிடுவது என்று பூபதிராஜா முடிவு செய்திருந்தார்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு வருகிற ஆசையா இது? வந்துவிட்டது. தோப்பை ஒட்டி, கல் எடுத்துக் கைவிட்ட பாறைக்குழி ஒன்று. நாற்பதடி ஆழம். பாசிப்பச்சைத் தண்ணீர். முப்பது வருடமாக அதன் கரையில் மட்டை பொறுக்கியவருக்கு, ஐம்பதாவது வயதில் ஒருநாள், உள்ளே என்னதான் இருக்கிறது என்று தோன்றியது. அதோடு தூக்கம் போயிற்று.

வாளையாரில் பழைய டேங்கர் லாரியின் இரும்புக் கலன் ஒன்றைப் பிடித்தார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒன்றரை வருடம் அறுத்தார், வெல்டு வைத்தார், தீப்பொறியில் நாலு வேட்டியை ஓட்டையாக்கினார். ஒருவர் உட்காரும் நீர்மூழ்கி தயார். மனைவி கௌசிகா கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "கோபர் கேஸ் டேங்க், அம்மிணி."

பாக்கி இருந்தது லைட்டு ஒன்றுதான். முப்பதடிக்குக் கீழே பகலிலும் இருட்டு. கௌசிகாவோ ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் எல்.இ.டி. பல்பு யூனிட்டில் எட்டு வருடமாகச் சால்டரிங் பிடிப்பவள். வீட்டிலேயே ஆள் இருக்க, வெளியில் எதற்கு அலைய வேண்டும்?

"அம்மிணி, தண்ணி புகாத மாதிரி நாலு லைட்டு பண்ணித் தாயேன்."

"எதுக்குங்க?"

"கோபர் கேஸ் டேங்குக்கு."

கௌசிகா தோசையைத் திருப்பிப் போட்டாள். "சாணிக்கு எதுக்குங்க வெளிச்சம்?"

"அது... உள்ள நொரைக்குதான்னு பாக்கறதுக்கு."

"சாணிக்குச் சீட்டு எதுக்குங்க? கண்ணாடிச் சன்னல் எதுக்கு? ஸ்டியரிங் எதுக்கு? சாணி எங்கீங்க போகுது, கோயமுத்தூருக்கா?"

லைட்டு கேட்கப் போய் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

கத்துவாள் என்று பூபதிராஜா காத்திருந்தார். அவள் கத்தவில்லை. மறுநாளே நாலு லைட்டுக்கு அச்சு எடுத்துவிட்டாள். பல்பைச் சுற்றி எபாக்ஸி பசையை ஊற்றி இறுக்கினாள். மூன்று நாள் தொட்டித் தண்ணீரில் எரியவிட்டாள். சன்னலுக்குப் பக்கத்திலேயே அவர் லைட்டை மாட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"பனியில ஹை பீம் போட்டா ரோடு தெரியுமுங்களா? வெள்ளையாத்தானே தெரியும்? கலங்குன தண்ணியும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் கம்பி நீட்டி, தள்ளி மாட்டுங்க."

இத்தனை நாள் இவளிடம் சொல்லாமலா இதைச் செய்தோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. தென்னை மரங்களிடம் சொல்லியிருக்கிறார். மோட்டாரிடம் புலம்பியிருக்கிறார். இவளிடம் மட்டும் சொல்லத் தோன்றவில்லை.

"அப்ப ஞாயித்துக்கெழம நான் எறங்கறேன்," என்றாள் கௌசிகா. "சுடிதார் போட்டுக்கட்டுங்களா?"

"நீயா?"

"லைட்டு நான் பண்ணது. எரியுதான்னு நான்தான் பாக்கோணும்."

"நீ எல்லாம் எறங்கக் கூடாது."

"ஏனுங்க, ஆபத்தா?"

"சேச்சே! ஒரு ஆபத்தும் இல்ல."

"அப்ப எறங்கறேன்."

"அதுக்கில்ல அம்மிணி..."

"ஆபத்துன்னா நீங்க எதுக்கு எறங்கறீங்க? ஆபத்து இல்லீன்னா நான் எறங்குனா என்ன?"

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் அவர் வெல்டுகளைத் தடவிக்கொண்டே இருந்தார். தான் போவதாக இருந்தவரை எல்லா வெல்டும் நல்ல வெல்டாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் கதவோரத்தில் ஒரு இடம் சரியில்லை. சன்னல் ரப்பரும் சந்தேகமாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு யோசனை தோணுது. மொதல்ல ஆள் இல்லாம எறக்கிப் பாப்போம்."

"அட, எனக்குத் தோணவே இல்லீங்களே," என்றாள் கௌசிகா.

ஞாயிறு மத்தியானம், கிணறு தூர்வாரும் மாரப்பன் தன் கிரேனோடு வந்தான். மேகம் கவிந்திருந்தது. பூபதிராஜாவின் எடை எழுபத்தெட்டு கிலோ. அந்த அளவுக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி அவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். கலன் மெல்ல இறங்கியது. கௌசிகாவின் நாலு லைட்டும் எரிந்தன.

பச்சைத் தண்ணீருக்குள் நிலா இறங்குவது போலிருந்தது. உளி போட்ட பாறைச் சுவர் வரிவரியாகத் தெரிந்தது. அடியில் இலையில்லாத ஒரு மரம், கிளை முறியாமல் நின்றிருந்தது. தண்ணீர் நிறையும் முன்பே அங்கே முளைத்த மரமோ, எப்போதோ கரையிலிருந்து சரிந்து இறங்கியதோ. இதைப் பார்க்கத்தான் ஒன்றரை வருடம் உழைத்தோம் என்று பூபதிராஜாவுக்குத் தோன்றியது. கரையில் நின்றபடியே பார்த்தாயிற்று. பக்கத்தில் அவளும் பார்க்கிறாள்.

அப்போது குமிழி வந்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு சோறு கொதிப்பது போல.

"தூக்கு! மாரப்பா, தூக்கு!"

கலன் மேலே வந்தது. நாலு லைட்டும் ஒரு குறையுமில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தார்கள். மணல் மூட்டை கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

பூபதிராஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரப் பாறையில் உட்கார்ந்தார்.

"நீ உள்ள இருந்திருந்தா என்னாயிருக்கும் அம்மிணி," என்றார். குரல் உடைந்தது.

கௌசிகா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"கெணத்துல நாலு படி எறங்குனாலே எனக்குத் தல சுத்துமுங்க. இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும், நான் எறங்குவேன்னு நெசமாவே நம்பீட்டீங்களா?"