அக்காவின் கிட்னியோடு ஒரு கபடி

என்னைப் போல ஒரு கோழையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. என் அக்கா தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்து என்னைப் பிழைக்க வைத்து மூன்று வருஷம் ஆகியும், கோவில்பட்டியில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. டாக்டர் என்னவோ நன்றாக வேர்க்க நடக்கலாம், மெதுவாக ஓடிப் பழகலாம், வயிற்றில் அடிபடுகிற விளையாட்டு மட்டும் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் பயம். வேகமாக நடந்தால் கிட்னி நழுவிவிடும் என்று நினைப்பு. (இரவல் பொருள் அல்லவா!)

அப்படிப்பட்டவன் ஒரு பொங்கலுக்கு நாகலாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி. கல்யாணமானவர்களில் ஓர் ஆள் குறைந்தது. நான் எட்டிப் பார்த்ததும் மைக்கில் இருந்தவர், "மச்சான விட்டுருங்கப்பா, அவிய கண்ணாடிச் சாமான்" என்றார். ஊரே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாடிக்கொண்டு போனால், எதிரணி இளவட்டங்கள் ஏழு பேரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அக்காவின் கிட்னிமேல் கைவைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? நானோ அதை என் வீரத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரைத் தொட்டேன். (அவர்களாகவே கையை நீட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது.) திரும்புகிற ஜோரில் ஒரு துள்ளல் வேறு. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்த கரிசல் மண் வழுக்கிவிட்டது. யாரும் தொடாமலேயே குப்புற விழுந்தேன். கிட்னி வைத்த பக்கம்தான் தரையில் மோதியது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். சேறு அப்பிய என் வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஒன் ரோஷத்துக்கு எங்கிட்னிதான் கெடச்சுதாலே?" என்று மட்டும் கேட்டாள். உடனே காரில் மதுரைக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்து முடியும்வரை தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அழுதாள். ஓடச் சொன்னபோது ஓடாமல், ஆடாதே என்றதை ஆடித் தொலைத்தேனே என்று எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இப்போது தினமும் காலையில் ஓடுகிறேன். முடித்து வந்ததும் அக்காவின் போன் வரும். "ஏலே, எங்கிட்னி ஓடிட்டு வந்துட்டா?" வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒற்றைக் கிட்னியோடு மிளகாய்க் காட்டில் களை எடுக்கிறவளிடம், மீதி இருக்கும் அந்த ஒன்றைப் பற்றி அந்தப் பொங்கல்வரை ஒருநாள்கூட நான் விசாரித்ததில்லை. இப்போது மறக்காமல் கேட்கிறேன்.

"அதுக்கென்னலே, அது எங்கயும் ஆடப் போகாம எங்கூடயே கெடக்கு" என்பாள்.